சரிவும் பழியும்: பெர்லின், ரங்கூன், கொழும்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் ஒரே ஊரில் இருக்கின்றன. தொழிற்பேட்டையின் இரும்பாலைகளில் உலைமுன் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். முகாமில் இருப்பவர்கள் 1983-க்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்த தமிழர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும். சற்றுத் தெற்கே, வடசென்னையின் வியாசர்பாடியில், 1960-களில் பர்மாவைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. வேப்பம்பட்டு, திருநின்றவூர் போன்ற புறநகர் ஊர்களிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் காக்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அன்றாடம் இந்த மூன்று வகை மனிதர்களுடனும் தோள் உரசித்தான் பயணம் செய்கிறார்கள். இரண்டு வகையினர் வேறொரு நாட்டில் பழி சுமத்தப்பட்டு இங்கே வந்தவர்கள். மூன்றாம் வகையினர் மேல் பழி சுமத்தும் பேச்சு இப்போது நம்மிடையே எழுகிறது. இம்மூவரையும் இணைக்கும் கேள்வி ஒன்று உண்டு: வாழ்வாதாரம் சரியும்போது பழி ஏன் குறிப்பிட்ட சிலர் தலையில் போய் விழுகிறது?

வழக்கமான விடை நமக்குத் தெரிந்ததுதான். போர் முடியும், பொருளாதாரம் நொறுங்கும், ஆட்சி ஆட்டம் காணும், பசித்தவர்கள் தீவிரவாதத்தின் பக்கம் சாய்வார்கள், சிறுபான்மையினர் தாக்கப்படுவார்கள். ஹிட்லரின் எழுச்சியைப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் விளக்குகின்றன. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. பசியும் கோபமும் போரைத் தொடங்கிய தளபதி மேலோ, கடனை ஏற்றிய அமைச்சர் மேலோ, விலையைத் தீர்மானித்த நிறுவனத்தின் மேலோ திரும்பாமல் அடுத்த தெருக் கடைக்காரர் மேல் திரும்புவது எப்படி? அந்தத் திருப்பம் தானாக நிகழ்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குப் பழைய பழிக்கதை ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கதையை நம்பவைத்துப் பரப்பும் வலிமையுள்ள அமைப்பும் ஏடும் மேடையும் வேண்டும். தடுக்க வேண்டிய அரசு ஒதுங்கி நிற்கவோ உடந்தையாக இருக்கவோ வேண்டும். மூன்றும் கூடிய இடத்தில் சரிவு கலவரமாகவும் வெளியேற்றமாகவும் படுகொலையாகவும் முடிந்திருக்கிறது. மூன்றில் ஒன்று முறிந்த இடத்தில், அதைவிடக் கடுமையான சரிவும் அப்படி முடியவில்லை.

ஜெர்மனியையே முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 அக்டோபரில் ஜெர்மன் ராணுவம் தன் படையிலிருந்த யூதர்களை மட்டும் தனியே எண்ணச் சொன்னது. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் பதுங்குகிறார்கள் என்ற பேச்சே அதற்குக் காரணம். உண்மையில் ஒரு லட்சம் யூதர்களளவில் அந்தப் போரில் ஜெர்மனிக்காகப் பணியாற்றினார்கள். 12,000 பேரளவில் உயிரிழந்தார்கள். கணக்கெடுப்பின் முடிவைப் போர்க்காலத்தில் வெளியிடவே இல்லை. ஆகவே சந்தேகம் மட்டும் மிஞ்சியது. 1918 நவம்பரில் தோல்வி வந்ததும், ராணுவம் களத்தில் தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்ற கதை எழுந்தது. தளபதி ஹிண்டன்பர்க் 1919-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்பாக அதையே சாட்சியமாகச் சொன்னார். குத்தியவர் யார் என்ற இடத்தைத் தேசியவாத ஏடுகள் சோஷலிஸ்டுகளின் பெயராலும் யூதர்களின் பெயராலும் நிரப்பின. 1922 ஜூனில் வெளியுறவு அமைச்சர் வால்டர் ரத்தேனாவ், யூதர் என்ற பகையும் சேர்ந்து, பெர்லின் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாணயம் அடியோடு செல்லாக்காசாகும் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. 1923 நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி மார்க் ஆனது. அந்த மாதம் 5-ஆம் நாள் பெர்லினில் உதவித்தொகைக்காகக் காத்திருந்த வேலையற்றவர்களிடையே, பணம் முழுவதையும் கிழக்கிலிருந்து வந்த யூதர்கள் வாங்கிக்கொண்டுபோய்விட்டார்கள் என்ற வதந்தி பரவியது. யூத ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஷொய்னன்ஃபீர்டல் பகுதியில் கடைகள் சூறையாடப்பட்டன, மனிதர்கள் அடித்து உதைக்கப்பட்டார்கள். யூதர்கள் அன்று ஜெர்மனியின் மக்கள்தொகையில் ஒரு விழுக்காடுகூட இல்லை.

இதுவரை வழக்கமான விளக்கம் சரியாகவே தோன்றும். ஆனால் அதன் பிறகு நடந்ததை அதனால் விளக்க முடியாது. நாணயம் நொறுங்கி நாலரை ஆண்டுகள் கழித்து, 1928 மே மாதத் தேர்தலில், நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்கு மட்டுமே. 1930 செப்டம்பரில் அது 18.3 ஆகவும் 1932 ஜூலையில் 37.3 ஆகவும் உயர்ந்தது. இடையில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது, வேலையற்றோர் 60 லட்சத்தைத் தாண்டினார்கள் என்பது உண்மை. ஆயினும் வேலையிழந்த தொழிலாளர்கள் நாஜிகளைவிடக் கம்யூனிஸ்ட் கட்சிக்கே அதிகமாகப் போனார்கள் என்பதை வாக்கு ஆய்வுகள் காட்டுகின்றன. நாஜிகளின் பலம் புராட்டஸ்டன்ட் சிற்றூர்களின் சிறு உடைமையாளர்களிடமும் கடைக்காரர்களிடமும்தான் இருந்தது. பொருளியலாளர்கள் நிகோ ஃபோய்க்ட்லெண்டரும் ஹான்ஸ்-யோஹாகிம் ஃபோத்தும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. பதினான்காம் நூற்றாண்டுக் கொள்ளைநோயின்போது யூதர்களைப் பழிசொல்லிக் கொன்ற ஊர்களில், 1920-களில் யூதர்கள் மீதான தாக்குதலும் நாஜி வாக்கும் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக இருந்தன என்று அது காட்டியது. 1931 ஜூலையில் முறிந்த டனாட் வங்கியைப் பற்றிய பின்னொரு ஆய்வும் இதே திசையில் செல்கிறது. அந்த வங்கியின் தலைவர் யூதர். அதனோடு தொடர்புள்ள நிறுவனங்கள் இருந்த நகரங்களில் நாஜி வாக்கு ஏறியது. பழைய யூத வெறுப்பு வேரூன்றிய நகரங்களில் மேலும் ஏறியது. சரிவு ஒன்றேதான். பழிக்கதை காத்திருந்த இடத்தில் அதன் விளைவு வேறாக இருந்தது.

அரசின் பங்கையும் விட்டுவிட முடியாது. 1930 மார்ச்சில் கூட்டணி அரசு கவிழ்ந்த பிறகு ஜெர்மனியை நாடாளுமன்றம் ஆளவில்லை, குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளே ஆண்டன. பிரதமர் புரூனிங் மந்தத்தின் நடுவில் செலவைக் குறைத்து வரியைக் கூட்டினார். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் 20 லட்சம் வாக்குகளை இழந்து 33.1 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். இறங்குமுகத்தில் இருந்த அந்தக் கட்சித் தலைவரை 1933 ஜனவரி 30 அன்று ஆட்சிக்கு அழைத்தவர்கள், அவரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிய முன்னாள் பிரதமர் பாப்பனும் அவர் சொல்லைக் கேட்ட குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கும். முதுகில் குத்திய கதையைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் சொன்ன அதே ஹிண்டன்பர்க். அதே காலத்தில் அமெரிக்காவில் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை, அங்கும் யூத வெறுப்பைப் பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே ஆட்சிக் கதவை அவர்களுக்கு யாரும் திறந்துவிடவில்லை.

தமிழர்களுக்கு இந்த வரலாறு தொலைவானதன்று. யூதர்கள் ஐரோப்பாவில் சுமந்த பழியின் ஒரு வடிவத்தைத் தமிழ் வணிகர்கள் பர்மாவில் சுமந்தார்கள். 1852-இல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றிய பிறகு, குறிப்பாக 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடு திருத்தப்பட்டு நெல்வயல் ஆனது. பர்மா உலகின் முதன்மை அரிசி ஏற்றுமதி நாடாயிற்று. அந்த விரிவாக்கத்துக்கு வேண்டிய மூலதனத்தை ஆங்கில வங்கிகள் பர்மிய உழவருக்கு நேரே கொடுக்கவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் கொடுத்தார்கள். 1930-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே நகரத்தார் முதலீடு 75 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டது. லேவாதேவிக்காரர் விரும்புவது வட்டியோடு திரும்பி வரும் பணத்தையே, நிலத்தை அன்று. ஆனால் 1930-இல் நெல்விலை சரிந்து விழுந்ததும் உழவரால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் 1930-இல் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937 வாக்கில் அது 25 விழுக்காடு ஆயிற்று. ஏழு ஆண்டுகளில் ஒரு நாட்டின் முதன்மையான சோற்று நிலத்தில் நான்கில் ஒரு பங்கு, வேற்று மொழி பேசும், வேற்றுத் தெய்வம் கும்பிடும் ஒரு சிறு குழுவிடம் போய்ச் சேர்ந்தால் கோபம் வராமல் இருக்குமா?

கோபம் வந்தது இயல்பு. அது யார் மேல் விழுந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளர்களுக்குப் பதிலாகக் கப்பல் நிறுவனங்கள் பர்மியர்களை இறக்கின. உடன்பாடு ஏற்பட்டதும் பர்மியர்களை வெளியே அனுப்பின. இரண்டு ஏழைக் கூட்டங்கள் மோதிக்கொண்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கணக்கோ அடமானப் பத்திரமோ கண்டறியாத இந்தியக் கூலிகள். 1938 ஜூலையில், பவுத்தத்தை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு முஸ்லிமின் நூலை ஏடுகள் பெரிதாக்கின. ஷ்வேடகோன் பகோடாவில் நடந்த கண்டனக் கூட்டத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் கலவரமாகி நாடெங்கும் பரவியது. இருநூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள், அவர்களில் முஸ்லிம்களே அதிகம். விசாரித்த அரசுக் குழு, பத்திரிகைகளின் தூண்டுதலையும் அடியில் இருந்த நிலப் பிரச்சினையையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது. நிலத்தை இழந்தது கடனால், விலையைத் தீர்மானித்தது வேறு யாரோ, வெட்டுப்பட்டது மூன்றாமவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நகரத்தார் வட்டி கடுமையாக இருக்கவில்லையா, உழவர் வஞ்சிக்கப்படவில்லையா, அப்படியிருக்க அதை வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்குவது நியாயமா? வட்டியின் சுமை உண்மை. உழவரின் இழப்பு அதைவிடப் பெரிய உண்மை. அதை மறுக்கிறவர் வரலாற்றை மறுக்கிறார். ஆனால் குறை உண்மையாக இருப்பது ஒன்று, பழி சரியான இடத்தில் விழுவது வேறொன்று. நெல்லை வாங்கி ஆலையில் குத்தி ஏற்றுமதி செய்த ஸ்டீல் பிரதர்ஸ் முதலிய நான்கு பெரிய ஆங்கில நிறுவனங்கள் 1921-இலேயே ‘புல்லிங்கர் கூட்டு’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து உழவரிடம் வாங்கும் விலையை அழுத்தின. நிலவரியைப் பணமாகவே கேட்டது அரசு. குத்தகையாளரையும் கடனாளியையும் காக்கும் சட்டத்தைக் காலம் கடந்தே கொண்டுவந்தது. நிறுவனமும் அரசும் உழவரின் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தன. ஊருக்குள் பலகையில் உட்கார்ந்து கடன் ஏட்டை எழுதியவர் கண்ணுக்குத் தெரிந்தார். இடைநிலை வணிகச் சிறுபான்மையினருக்கு எங்கும் நேர்வது இதுதான். ஐரோப்பாவில் யூதர்கள், தென்கிழக்கு ஆசியாவில் சீனர்கள், பர்மாவில் தமிழர்கள், இலங்கையில் முஸ்லிம்கள் என நாடுதோறும் ஆள் மாறுகிறார். நிற்கும் இடம் மாறுவதில்லை. சயாமின் அரசர் வஜிராவுத் 1914-இல் சீனர்களைக் ‘கீழைத்தேயத்து யூதர்கள்’ என்று பெயரிட்டுத் தாக்கி எழுதினார். ஐரோப்பிய யூத வெறுப்பு ஆசியாவின் சிறுபான்மையினருக்கு எதிரான ஆயத்தக் கதையாக இறக்குமதியானதற்கு அது தெளிவான சான்று.

போர் இந்தக் கதையை முடித்துவைத்தது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். பாலமும் ஆலையும் ரயிலும் அழிந்த நிலையில் 1948 ஜனவரியில் விடுதலை பெற்ற பர்மா, அந்த ஆண்டே உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது. நில தேசியமயச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் கடைகளையும் நிறுவனங்களையும் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்களைச் செல்லாதாக்கினார். மூன்று லட்சம் இந்தியர்களளவில் வெறுங்கையோடு வெளியேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே 1969-இல் எழுந்த பர்மா பஜாரும் வியாசர்பாடித் தெருக்களும் அவர்கள் வந்திறங்கியதற்குச் சாட்சி. கொள்ளையடிப்பவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் போன பிறகு பர்மிய உழவர் செழித்தாரா? நெல்லை அரசு சொன்ன குறைந்த விலைக்கு அரசுக்கே விற்க வேண்டியதாயிற்று. போருக்கு முன் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னை ஒட்டி இருந்த அரிசி ஏற்றுமதி, 1960-களின் இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 1967-இல் ரங்கூனிலேயே அரிசித் தட்டுப்பாடு வந்தது. அந்த ஜூனில் தாக்கப்பட்டவர்கள் சீனர்கள். 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 1987-இல் பர்மா தன்னை உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்படி ஐ.நா.விடம் கேட்டுப் பெற்றது. பழி சுமந்தவர்கள் வெளியேறினார்கள், வறுமை தங்கியது, அடுத்த எதிரி தேவைப்பட்டார். இதைவிடத் தெளிவான சான்று இந்த வாதத்துக்குத் தேவையில்லை.

இலங்கையின் கதை இன்னும் நெருக்கமானது, இன்னும் சிக்கலானது. முதல் உலகப் போரின் நடுவில், விலைவாசி ஏறிய 1915 மே, ஜூன் மாதங்களில், கண்டியில் தொடங்கிய கலவரம் சிங்களப் பகுதிகளெங்கும் முஸ்லிம் கடைகளை எரித்தது. குறிவைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போய் வணிகம் செய்த முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். மதப் பூசல் என்று மட்டுமே பேசப்பட்ட அந்த நிகழ்வின் அடியில் இருந்த பொருளாதாரப் போட்டியைக் குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அந்தப் பழைய கதை ஒரு நூற்றாண்டுக் காலம் உறங்கிக் கிடந்தது. அந்த இடைவெளியில் குறி தமிழர்கள் மேல் இருந்தது: 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பு, 1958, 1977, 1983 கலவரங்கள், பிறகு கால் நூற்றாண்டுப் போர். 2009 மே மாதம் போர் முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகள் நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்கு 8 விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் நடுவில்தான், 2012-இல், பொது பல சேனா என்ற சிங்கள பவுத்தத் தேசியவாத அமைப்பு பிறந்தது. 2013-இல் ஹலால் முத்திரைக்கு எதிரான இயக்கம் எழுந்தது, முஸ்லிம் துணிக்கடைகள் தாக்கப்பட்டன. 2014 ஜூன் 15 அன்று அளுத்கமவில் அந்த அமைப்பின் கூட்டத்தைத் தொடர்ந்து வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் பொது பல சேனா கொழும்பில் நடத்திய மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர், பர்மாவில் முஸ்லிம்களுக்கு எதிராக இயக்கம் நடத்திய பிக்கு விராது.

வளர்ச்சிக் காலத்தில் வெறுப்பு முளைத்தது ஏன்? போருக்குப் பிந்தைய அரசியலின் ஓர் இயல்பை இது காட்டுகிறது. கால் நூற்றாண்டுப் போர் ஒரு பெரும் பொறியமைப்பை விட்டுச்செல்கிறது. எதிரியைச் சுட்டிக்காட்டி வாக்குக் கேட்டுப் பழகிய கட்சிகள், அச்சத்தை விற்றுப் பழகிய ஏடுகள், நாடு ஆபத்தில் இருக்கிறது என்று பேசிப் பழகிய மேடைகள் எல்லாம் அதில் அடங்கும். எதிரி தோற்ற மறுநாள் அந்தப் பொறியமைப்பு கலைந்துவிடுவதில்லை. 1918-க்குப் பிந்தைய ஜெர்மனியில் வேலையிழந்த அதிகாரிகளும் தனியார் படைகளும் செய்ததை, 2009-க்குப் பிந்தைய இலங்கையில் தீவிர தேசியவாத அமைப்புகள் செய்தன. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. ஆய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன, அடுத்த மாதம் கண்டி திகனவில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குக் கலவரம் முற்றியது. பெருகி நம்மை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் ரகசியமாக நஞ்சு கலக்கிறார்கள் என்ற புனைவும் ஐரோப்பாவில் யூதர்களைப் பற்றிச் சொல்லப்பட்டவைதான்.

இங்கும் மறுப்பு உண்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வைத்து 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் அல்லவா, அப்படியானால் அச்சம் எப்படிப் புனைவாகும்? அந்தக் கொலைகள் உண்மை, மன்னிக்க முடியாதவை. ஆனால் காலவரிசையைப் பாருங்கள்: அளுத்கமவும் திகனவும் அதற்கு முன்பே எரிந்தவை. குண்டு வைத்த குழுவின் தலைவரைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் கடை இழந்தவர்களுக்கும் அந்தக் குண்டுகளுக்கும் தொடர்பில்லை. தமிழர்களும் இதில் பாதிக்கப்பட்டோராக மட்டும் நின்றுகொள்ள முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் மிகக் குறுகிய கெடுவில் வெளியேற்றினார்கள். ஓர் இனத்தையே உளவாளிகள் என்று பழிசொல்லித் துரத்தும் செயல் தமிழின் பெயரால் நடந்தாலும் அதன் பெயர் மாறாது.

இனி இந்த வாதத்தின் உண்மையான சோதனைக்கு வருவோம். 2019 நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52 விழுக்காடு வாக்குடன் வென்றார். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் அவரது அரசு 2021 பிப்ரவரி வரை கட்டாயமாக எரித்தது. பிறந்து இருபது நாளான குழந்தையின் உடலும் அதில் அடங்கும். பொது பல சேனாவின் ஞானசார தேரரையே 2021 அக்டோபரில் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவராக்கியது. பழிக்கதை இருந்தது, அமைப்பு இருந்தது, அரசு உடந்தையாக இருந்தது. அதன் பிறகு வந்தது விடுதலைக்குப் பின் நாடு கண்டிராத சரிவு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. எரிபொருளும் மருந்தும் கிடைக்கவில்லை. செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. வழக்கமான விளக்கத்தின்படி அந்த ஆண்டு முஸ்லிம்களும் தமிழர்களும் பெருங்கலவரத்தைச் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவில்லை. கொழும்பின் காலிமுகத் திடல் போராட்டத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்றார்கள். அங்கே நோன்பு திறந்தார்கள். மே 18 அன்று, போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தார்கள். கோபம் ஆட்சியாளர் வீட்டுக்குப் போனது. ஜூலையில் குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டு ஓடினார்.

வரிக்குறைப்பும் கடனும் ஒரே இரவில் வந்த ரசாயன உரத் தடையும் யார் முடிவு என்பது கிராமத்து உழவருக்கும் தெரிந்திருந்ததே இதற்குக் காரணம். எதிரியைச் சுட்டிக்காட்டி வாக்கு வாங்கியவர்களே நாட்டை ஓட்டாண்டியாக்கினார்கள் என்பது கண்ணெதிரே நடந்தது. அவர்கள் சொன்ன கதையை நம்ப ஆளில்லாமல் போயிற்று. பழிக்கதையின் வலிமை அதைச் சொல்பவரின் நம்பகத்தில்தான் இருக்கிறது என்பதற்கு 2022 இலங்கை சான்று. அந்த ஓராண்டை வைத்து இனவாதம் ஒழிந்தது என்று சொல்லிவிட முடியாது. போரில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் பதில் கிடைக்காமல் வடக்கிலும் கிழக்கிலும் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் சரிவு வந்தாலே கலவரம் வரும் என்ற விதியை அந்த ஆண்டு உடைத்துவிட்டது. அந்த விதியை நம்புவது ஆபத்தானதும்கூட. பசியால் செய்தார்கள் என்று சொன்னால், வதந்தியை அச்சிட்டவரும் மேடையில் தூண்டியவரும் காவல் நிலையத்தில் கைகட்டி நின்றவரும் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

இந்த ஒப்பீடுகளுக்கும் எல்லை உண்டு. அறுபது லட்சம் யூதர்களை ஓர் அரசு திட்டமிட்டு அழித்ததற்கு ஈடாக ரங்கூனையோ கொழும்பையோ வைக்க முடியாது. இங்கே ஒப்பிடப்படுவது தொடக்கங்களை. எந்தத் தொடக்கம் எங்கே முடியும் என்று அதன் நடுவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1923-இல் ஷொய்னன்ஃபீர்டல் கடைக்காரருக்குத் தன் தெருவில் நடந்தது என்ன என்பது தெரியும். இருபது ஆண்டுகளில் வரப்போவது தெரியாது. அதனால்தான் தொடக்கங்களை அடையாளம் காணப் பழக வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் போரும் இல்லை, நாட்டுச் சரிவும் இல்லை. ஆனால் நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருகியிருக்கிறது. உள்ளூர் இளைஞருக்குக் கிடைக்காத வேலை வெளிமாநிலத்தவருக்குக் குறைந்த கூலியில் போகிறது என்ற மனக்குறை பரவலாக இருக்கிறது. மனக்குறை பொய்யில்லை. கூலியைக் குறைப்பவர் ஒப்பந்தக்காரர், அதில் லாபம் காண்பது நிர்வாகம், கேட்க வேண்டியது தொழிலாளர் துறை. ஆனால் கண்ணுக்குத் தெரிபவர் ரயிலில் இந்தி பேசிக்கொண்டு வரும் தொழிலாளி. ‘வடக்கன்’ என்ற ஏளனம் அவர்மேல்தான் விழுகிறது. ரங்கூன் துறைமுகத்தில் 1930-இல் தெலுங்குத் தொழிலாளியும் பர்மியத் தொழிலாளியும் மோத, கூலியை நிர்ணயித்த நிறுவனம் ஒதுங்கி நின்ற கதை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று, வேறு மாநிலங்களில் நடந்த தொடர்பில்லாத நிகழ்வுகளின் காணொளிகள் பரப்பப்பட்டன. அஞ்சிய தொழிலாளர்கள் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். அன்று தமிழ்நாட்டுக் காவல்துறை உடனே மறுத்து வழக்குகளைப் பதிந்தது. அதிகாரிகள் தொழிற்சாலைகளுக்கே போய் இந்தியில் பேசினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. உண்மை சரிபார்ப்போர் காணொளிகளின் மூலத்தை வெளியிட்டார்கள். வதந்தி சில நாளில் அடங்கியது. மூன்று கண்ணிகளில் அரசின் உடந்தை என்ற கண்ணி முறிந்தால் மற்ற இரண்டும் என்னவாகும் என்பதை நாம் நம் மாநிலத்திலேயே பார்த்துவிட்டோம்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டத்தை ஒப்பந்தக்காரர்மேல் செலுத்த வேண்டும். உள்ளூர்த் தொழிலாளியும் வெளிமாநிலத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் சேர வழி வேண்டும். வேலை, வாடகை, விலைவாசி பற்றிய குறைகளைப் பேசும் ஏடுகளும் கட்சிகளும் முடிவெடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், அருகில் நிற்பவரின் இனத்தைச் சொல்லக் கூடாது. தலைமுறைகளாக முகாமில் வாழும் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை வேண்டும் என்று கேட்கும் நாவு, உலை முன் நிற்கும் பீகார்த் தொழிலாளியை ஏளனம் செய்யக் கூடாது. உலகெங்கும் பழி சுமந்து நின்ற இனம் நம்முடையது. நம் ஊரில் வந்து நிற்பவர்மேல் அந்தப் பழியை ஏற்றாமல் இருக்கும் கடமை வேறு எவரைவிடவும் நமக்கே அதிகம்.